கொழும்பும் பன்னாட்டு மன்றங்களும்

(அமிர்தியில் கூடிய சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் இவ்வாண்டுக் கூட்டம் வேலூரில் நடைபெறல் வேண்டுமென ஒரு கிளையாரும், போளூரில் நடைபெறல் வேண்டுமென மற்றொரு கிளையாரும் இரண்டு திங்கள் வழக்காடியதை அனைவரும் அறிவீர்கள். முடிவில் இரு திறத்தார்க்கும் சொந்தமல்லாத, இரு திறத்தார்க்கும் எட்டக்கூடிய இவ் அமிர்தி தெரிந்தெடுக்கப் பெற்றது. ஜவ்வாது மலையின் அடியில், காடும் கானாறும் சூழ்ந்த இவ்விடத்தில் வேலூரார் விருந்தினர், போளூராரும் விருந்தினரே. ஆதலின் எவர்க்கும் தாழ்வில்லை. இந்நிகழ்ச்சியே யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு வாயிலாக அமைந்தது. பல நாட்டு அரசுகள் கூடிப் போரை விலக்கவும் வழக்கைத் தீர்க்கவும் இடமாகும் நகரம் எத்தகையதாதல் வேண்டும் என்பதனைக் கொழும்பு நகரின் வரலாற்றைக்கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

"கடல் கடந்த ஊரின் கதை நமக்கு எற்றுக்கு? கல்வி நிதியைப் பற்றிப் பேசலாகாதோ?" என ஒருசிலர் எண்ணுதல் கூடும். கல்வி நிதியைப் பற்றிச் செயலாளர் அவர்கள் ஒரு மணி நேரம் விரிவாகக் கூறிவிட்டார்கள். யாம் சேர்க்கத்தக்கது ஒன்றும் எஞ்சவில்லை. அன்றியும், இலங்கையின் கதை வேலூர் வட்டாரத்தார்க்கு அயலதன்று. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என ஒன்று இருத்தலை நம்மிற் பலர் அறிவர். உள்ளே சென்று கண்டோர் சிலரே. கண்டி நாட்டின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய சமாதியின்மேல் எழுந்த மண்டபம் அது. மதுரை நாயக்கர் வழித்தொடர்புடைய அம்மன்னன் 1815-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டான். மார்ச்சு 2-ஆம் நாள் கண்டியின் கொலு மண்டபத்தில் ஆங்கிலத் தேசாதிபதியும் கண்டிப் பிரதானிகளும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர், நாடு கைமாறிற்று. எவனுடைய அரியணையைப் பற்றி அன்று பேசினரோ அவன் அம்மண்டபத்தில் இல்லை. அவனை வேலூர்க் கோட்டைக்குக் கொணர்ந்து சிறை வைத்தனர். 1832-ஆம் ஆண்டில் இங்கேயே காலமானான்.

அது பழங்கதை. அண்மைக் கதையும் உண்டு. வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கின்றது. அங்குள்ளோர்க்குப் புதிய வீடுகள் கட்டும் பணியைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அங்கேயே தொடங்கி வைத்தார். அம்மக்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடங்களிற் பயில்கின்றனர். அவர்கள் ஏன் இங்கு வந்தனர் என நம் மாணவர் வினவினால் விடை கூறுதல் ஆசிரியன் கடன். விடையின் ஒரு கூறு கொழும்பில் இருக்கின்றது.

நிற்க. வழக்குத் தீர்க்கும் இடம் பொதுவாதல் வேண்டும் என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. ஏரி மதகைப் பற்றியோ எல்லைக் கல்லைப் பற்றியோ இரண்டு ஊரார்க்குள் பூசல் நேரின், ஒருவர் ஊர்த் திண்ணையில் மற்றவர் வந்து அமர ஒருப்படார். மூன்றாம் ஊரின் கோயில் மண்டபமோ ஆலமரத்தடியோ வேண்டும். பழந்தமிழில் மன்றம் என்றும் பொதியில் என்றும் அதனை வழங்கினர். பொதியில் என்பதனைப் பொது இல் எனப் பிரித்துப் பொருள் கொள்வர். இல் ஒன்று உண்டு. ஆயினும் அஃது ஒருவருடையதன்று என்பது அச்சொல்லின் நயம்.

தூது என்பது வேறு. ஔவையார் அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றிற் படித்திருக்கின்றோம். தகடூர்க்கும் காஞ்சிக்கும் இடையே நம் மலைநாடு கிடத்தலின், அம்மூதாட்டியார் இம்மலையின் ஒரு பக்கமாகவே நடந்து சென்றிருப்பார் என எம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை எழுதினான். அதற்குச் சான்று ஒன்றுமில்லை எனினும், மதிப்பெண் கொடுத்தோம். இருவர்க்கிடையே செல்வது தூது. ஐவரும் பதின்மரும் நூற்றுவரும் ஒரே காலத்தில் ஒருவரோடொருவர் பேசல் வேண்டின், தூதன் ஒருவன் போதான். அவர்கள் அனைவரும் தாழ்வின்றி வந்து அமரத்தக்க இடம் வேண்டும்.

உலகில் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது சுவிட்ஸர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரம். அஃதொரு பெருநகரும் அன்று. பேரரசின் தலைநகரும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்திற் கட்டப்பெற்ற 'அலபாமா' முதலிய கப்பல்கள், தென்னாட்டுக் கிளர்ச்சியாளர் பக்கம் நின்று, வடபுலத்தாரின் வணிகக் கப்பல்களை அழித்தன. போர் முடிந்தபின் அமெரிக்கர் இங்கிலாந்திடம் ஈடு கேட்டனர். இரு நாடுகளும் போருக்கு எழாமல் ஐந்து நடுவரிடம் வழக்கை ஒப்புவித்தன. அவர்கள் 1872-ஆம் ஆண்டில் ஜெனீவா நகர மாளிகையில் அமர்ந்து தீர்ப்பளித்தனர். இங்கிலாந்து 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. பின்னர் 1920-ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் அந்நகரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. இன்று ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பிய அலுவலகமும் மனித உரிமை மன்றமும் அங்குள்ளன. இதில் வியப்பு யாதெனின், சுவிட்ஸர்லாந்து ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது 2002-ஆம் ஆண்டிலேதான். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தான் சேராத சபைக்குத் தன் வீட்டில் இடங்கொடுத்திருந்தது.

ஆசியாவில் அத்தகைய பொது இல்லமாக ஒரு காலத்தில் எழுந்தது கொழும்பு. இலங்கை விடுதலை பெற்றது 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள். இரண்டு ஆண்டு நிரம்புதற்கு முன்னரே, 1950-ஆம் ஆண்டு ஜனவரியில், பொதுநல நாடுகளின் அயல்நாட்டு அமைச்சர்கள் அங்கே கூடினர். நம் நாட்டிலிருந்து நேரு சென்றார். இங்கிலாந்திலிருந்து எர்னஸ்ட் பெவின் நோயால் நலிந்த உடலோடு வந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்ஸி ஸ்பெண்டரும் கானடாவின் லெஸ்டர் பியர்ஸனும் வந்தனர். அக்கூட்டத்திற் கருக்கொண்டதே கொழும்புத் திட்டம். பொருள் மிக்க நாடுகள் ஆசிய நாடுகட்குப் பொருளும் தொழிற் பயிற்சியும் உதவும் அத்திட்டம் 1951-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. நீலகிரியின் குந்தா மின்திட்டம் கானடாவின் உதவியால் எழுந்தது இதன் வழியேயாம். தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திற்கு நியூஸிலாந்து பொருளுதவி செய்ததும் இதன் வழியே. குந்தாவில் உண்டான மின்சாரத்தில் விளக்கேற்றிப் படித்தோர்க்குக் கொழும்பின் பெயர் தெரிந்திராது. ஆயினும் பயன் அவர்களை அடைந்தது. அத்திட்டத்தின் செயலகம் இன்றும் கொழும்பில் உள்ளது.

ஏன் கொழும்பு? இவ்வினாவைச் சிறிது நின்று நோக்குதல் தகும். கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் செல்லும் கப்பல்கள் தங்கும் துறைமுகம் என்பது ஒன்று. இலங்கை சிறிய நாடாதலின் எவரும் அதனைக் கண்டு அஞ்சார் என்பது மற்றொன்று. தில்லியில் கூடினால் பாகிஸ்தான் முகஞ்சுளிக்கும். கராச்சியிற் கூடினால் நாம் சுளிப்போம். கொழும்பிற் கூடினால் இருவரும் முகமலர்ச்சியோடு செல்லலாம். எல்லாரோடும் உறவு கொள்ளும் இயல்பும் அந்நாட்டுக்கு இருந்தது. 1952-ஆம் ஆண்டில், அமெரிக்கா விரும்பாதிருந்தும், சீனத்திற்கு ரப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் திருகோணமலையிலும் இடங்கொடுத்திருந்தது. சிறியோர்க்கு இத்தகைய நடை இன்றியமையாதது. பிறர் இதனைத் தந்திரம் என்பர். யாம் இல்லறம் நடத்துவோன் அறிவு என்போம்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஐந்து பிரதம மந்திரிகள் அங்கே கூடினர். இலங்கையின் ஸர் ஜான் கொத்தலாவலை அழைத்தவர். இந்தியாவின் நேரு, பாகிஸ்தானின் முகம்மது அலி, பர்மாவின் ஊ நு, இந்தோனேஷியாவின் அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகியோர் வந்தவர். அந்நாட்களில் இந்தோசீனத்தில் போர் மூண்டு நின்றது. அதனைத் தீர்க்க ஜெனீவாவிலும் வல்லரசுகள் கூடியிருந்தன; ஆனால் ஆசியாவின் போரைப் பற்றிப் பேசும் அவ்வவையில் அண்டை நாடாகிய இந்தியாவுக்கு இருக்கை இல்லை. எனவே கொழும்பில் ஆசியர் தம் குரலைத் தாமே எழுப்பலாயினர். உடனே போர் நிறுத்தல் வேண்டுமென அறிக்கை விடுத்தனர். அது மனமொத்த கூட்டமாக இருந்ததென நினைத்தல் வேண்டா. பொதுவுடைமையாரால் ஆசியாவிற்கு அபாயம் எனக் கொத்தலாவலையும் முகம்மது அலியும் எழுதப் புகுந்தனர், நேரு மறுத்தார். காஷ்மீரமும் இடையே தலைநீட்டியது. கூட்டம் கண்டி நகருக்கு மாறி, அங்கே மே 2-ஆம் நாள் ஒருவாறு சொற்களைச் சமன்செய்து முடிந்தது. அக்கூட்டத்தில் இந்தோனேஷியர் விடுத்த ஒரு கருத்தே மறு ஆண்டு ஏப்ரலில் 29 நாடுகள் கூடிய பாண்டுங் மகாநாடாக வளர்ந்தது.

1962-ஆம் ஆண்டில் நமக்கே அந்நகரின் உதவி வேண்டியதாயிற்று. சீனத்தோடு நேர்ந்த போரில் நாம் பட்ட துயரை முதியோர் பலர் மறவார். நவம்பரில் சீனர் தாமே போரை நிறுத்தினர். எல்லை வழக்கு நின்றது. உலகின் முதற் பெண் பிரதம மந்திரியாகிய ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையார் டிசம்பர் 10-ஆம் நாள் இலங்கை, பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேஷியா, எகிப்து எனும் ஆறு நாடுகளைக் கொழும்பிற் கூட்டினார். வழக்காளிகளாகிய இந்தியாவும் சீனமும் அங்கில்லை. நடுவர் தம்முள் ஒருமித்தபின் வழக்காளிகளிடம் செல்லுதல் நம் ஊர் வழக்கமும் அன்றோ! மேற்கெல்லையில் சீனப்படை 20 கிலோமீட்டர் பின்வாங்கல் வேண்டும் என்பது முதலாய யோசனைகளை அம்மையார் தாமே பீக்கிங்குக்கும் தில்லிக்கும் எடுத்துச் சென்றார். விளக்கம் பெற்று நாம் அவற்றை ஏற்றோம். சீனர் கொள்கையளவில் ஏற்பதாகக் கூறி, உட்கிடையில் மறுத்தனர். வழக்குத் தீரவில்லை. ஆயினும் மீண்டும் துப்பாக்கி எழாத ஓர் இடைவேளை கிட்டியதில் அக்கூட்டத்துக்குப் பங்குண்டு என்பது எம் கருத்து.

பின்னர் நகருக்குப் பெரிய மண்டபம் வந்தது. சீன அரசு நன்கொடையாகக் கட்டிக்கொடுத்த, எட்டுப் பட்டையாய் அமைந்த, பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மகாநாட்டு மண்டபம் 1973-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 முதல் 19 வரை அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மகாநாடு அங்கே நிகழ்ந்தது. அதற்கு முன் பெல்கிரேட், கெய்ரோ, லுஸாகா, அல்ஜியர்ஸ் நகரங்களிற் கூடிய அம்மகாநாடு ஆசியாவிற் கூடியது அதுவே முதன்முறை. 86 நாடுகள் உறுப்பினராக அமர்ந்தன. டிட்டோ வந்தார், இந்திரா காந்தி அம்மையார் வந்தார், எகிப்தின் சதாத்து வந்தார். பெரிய நாடு, சிறிய நாடு என்னும் வேறுபாடின்றிப் பெயரின் எழுத்து வரிசையில் இருக்கை இட்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரே அளவான கொடியும் ஒரே உயரமான நாற்காலியும் கொடுத்து, மொழிபெயர்ப்போரை அமர்த்தி, உணவில் எவர்க்கு எது ஆகாது என அறிந்து பரிமாறுதல் இத்தகைய நகரங்களின் தொழில். நம் இல்லங்களில் திருமணப் பந்தி விசாரிக்கும் பெரியம்மாமார் இவ்வேலையின் அருமையை அறிவர். ஒரு நாற்காலி பின்தள்ளிக் கிடந்தால் ஓர் உறவே முறிந்துபோம்.

இதுகாறும் கூறியது கொழும்பின் பெருமை. இனிக் கூறுவது கேட்டற்கு இனியதன்று. எனினும் அதுவே இப்பேச்சின் உயிர்.

அம்மண்டபம் எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ அந்தப் பண்டாரநாயக்கர் 1956-ஆம் ஆண்டில் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்தவர். அடுத்த ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு கொழும்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டவரும் அவரே; தமிழ் வழங்கும் பகுதிகளில் பிரதேச சபைகள் அமைக்க அதில் இசைந்தார். 1958-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிக்குகள் அவர் இல்லத்தின் முன் திரண்டு அமர, அவ்வுடன்படிக்கையை அன்றே கைவிட்டார். பிற நாட்டார் வழக்கைக் கேட்க ஓர் அவை. தன் நாட்டார் வழக்கைக் கேட்டு முடித்ததை ஒரே பகலில் அழிக்க ஒரு வாயில்முற்றம். இரண்டும் ஒரே நகரில் இருந்தன.

தோட்டத் தமிழர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களில் நம் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்றோர் வழியினர் உளர். விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் தில்லியில் அவர்களைப் பற்றி ஓர் உடன்பாடு செய்தனர், அது நிறைவேறவில்லை. அவ்விருவரே மூன்று திங்களுக்குப்பின் கொழும்பில் அமர்ந்து இந்தோசீனத்து மக்களுக்காக ஐந்து நாளில் ஓர் அறிக்கை உருவாக்கினர் என்பதனை எண்ணிப் பார்க்கும்போது எம் உள்ளம் ஒரு நிலையில் நிற்பதில்லை. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் தில்லியில் கணக்குப் பிரித்தனர்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது. ஆடு மாடுகளைப் பங்கிடுங்கால் கூட இன்ன மாடு இன்னார் தொழுவில் பழகியது எனப் பார்ப்பர். அம்மக்களை எவரும் ஒரு சொல் கேட்டிலர். அவர்தம் தலைவர்கட்கும் அவ்வவையில் இருக்கை இல்லை. நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப் பெற்றோர் அவ்வாறு வந்தவரே. இலங்கையில் எஞ்சியோரின் குடியுரிமை வழக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் முடிந்தது. 55 ஆண்டு கழிந்தபின்!

1976-ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். ஆகஸ்டு மாதத்தில் 86 நாட்டார் கொழும்பில் ஒவ்வொரு மக்களின் தன்னாட்சி உரிமையைப் பற்றியும் பேசினர். அதற்கு மூன்று திங்கள் முன்னர், மே 14-ஆம் நாள், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தமிழர் கட்சிகள் கூடித் தனியரசே இனி வழி எனத் தீர்மானம் செய்திருந்தன. 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்னாசியாவின் ஏழு நாட்டு அயலுறவுச் செயலாளர்கள் முதன்முறையாகக் கொழும்பிற் கூடிப் பிராந்தியக் கூட்டமைப்புக்கு அடிகோலினர்; இன்றைய 'சார்க்' அமைப்பின் வித்து அது. ஆறு வாரம் கழியுமுன் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நூல் கற்பிக்கும் தொழிலோர்க்கு இதனைப் பற்றி நெடிது பேச இயலாது, மேலே செல்வோம்.

1983-ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்புத் தெருக்களிலேயே தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. அதன்பின் இருதிறத்தாரும் பேசுதற்குப் பல முறை பிற நாட்டு ஊர்களே இடமாயின. 1985-ஆம் ஆண்டில் பூட்டான் நாட்டுத் திம்புவில் பேசினர். 2002-ஆம் ஆண்டில் நார்வே நாட்டார் இடைநின்று, தாய்லாந்தின் சட்டஹிப் கடற்படைத் தளத்தில் பேச்சைத் தொடங்கினர். பின்னர் ஆஸ்லோ, பெர்லின், ஜப்பானின் ஹக்கோனே எனப் பேச்சு ஊர் ஊராக அலைந்தது. 2006-ஆம் ஆண்டில் இருமுறை ஜெனீவாவிற் கூடினர். உலகத்தார் வழக்குக்கெல்லாம் பந்தலிட்ட ஊர், தன் வீட்டு வழக்கைப் பேசப் பிறர் ஊரில் பந்தல் தேடிற்று. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது பேச்சால் அன்று.

பழியனைத்தையும் ஒரு பக்கத்தார்மேற் சுமத்துதல் நடுநிலை ஆகாது. 1987-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஊரடங்குச் சட்டத்தின் நடுவே ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் கொழும்பில் கையொப்பமிட்டனர். தமிழர் சார்பில் எவர் கையொப்பமும் அதில் இல்லை. மறுநாள் அணிவகுப்பில் நின்ற சிங்களக் கடற்படை வீரன் ஒருவன் விருந்தினராகிய ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். நான்கு ஆண்டுக்குப்பின், இங்கிருந்து தொலைவில் இல்லாத திருப்பெரும்புதூரில், அவரைக் கொன்றோர் தமிழர் விடுதலை பேசிய புலிகள் இயக்கத்தார். விருந்தினரைத் தாக்கும் அவையில் எவர் வந்து அமர்வர்? தூதரைக் கொல்வோரிடம் எவர் தூது செல்வர்? இவ்விரண்டு வினாவும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

நம் தலைநகரையும் ஈண்டு விட்டுவிடலாகாது. 1983-ஆம் ஆண்டு மார்ச்சில் அணிசேரா மகாநாடும் நவம்பரில் பொதுநல நாடுகளின் மகாநாடும் தில்லியிற் சிறப்பாக நடைபெற்றன. மறு ஆண்டு நவம்பரில் அதே தில்லியின் தெருக்களில் சீக்கியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கொழும்பைக் குறை கூறுவோர் இதனையும் நினைந்து கூறுதல் நன்று.

"அங்ஙனமாயின் கொழும்பிற் கூடிய கூட்டங்களெல்லாம் வீண் அல்லவோ?" என இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அல்ல. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டு சோதனை செய்து ஒன்றையொன்று முறைத்து நின்றன. ஜூலை மாதத்தில் சார்க் மகாநாட்டுக்கெனக் கொழும்பு வந்த வாஜ்பாயியும் நவாஸ் ஷெரீபும் அங்கே நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். பேச்சில் உடனடியாக விளைந்தது சிறிது. எனினும் வேறெந்த ஊரில் அன்று அவர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்திருப்பர்? சார்க்கின் சாசனமே இரு நாட்டுப் பூசல்களை அவையிற் பேசலாகாது என விலக்குகின்றது. அவையிற் பேசாததனைத் தாழ்வாரத்திற் பேசுதற்கு விருந்தோம்பும் நகரம் இடந்தருகின்றது. இத்தகைய கூட்டங்களில் மேடைப் பேச்சைக் காட்டிலும் தாழ்வாரப் பேச்சே பயன் மிக்கது என்பதை, சங்கக் கூட்டங்களுக்குப் பல்லாண்டாக வந்துபோகும் யாமும் அறிவோம்.

ஆயினும் நம்பிக்கை குன்றின் அழைப்பும் குன்றும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு நவம்பரில் பொதுநல நாடுகளின் உச்சி மகாநாடு கொழும்பிற் கூடியபோது, போரின் இறுதி நாட்களில் நிகழ்ந்த கொலைகளுக்கு விசாரணை இல்லை எனக் கூறிக் கானடாவின் பிரதம மந்திரி வரவில்லை. மொரீஷியஸ் பிரதம மந்திரியும் வரவில்லை. அடுத்த மகாநாட்டைத் தம் நாட்டில் நடத்தும் உரிமையையும் அந்நாடு விட்டது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் நடுவே மன்மோகன் சிங்கும் செல்லாமல் அயலுறவு அமைச்சரை அனுப்பினார். இங்கிலாந்தின் காமரூன் சென்றார். ஆனால் இடையே யாழ்ப்பாணம் போய்க் காணாமற்போனோரின் தாய்மாரைக் கண்டார். மண்டபங்கள் புதுக்கப்பட்டிருந்தன, சாலைகள் பளபளத்தன. வந்தோரின் பேச்சும் வாராதோரின் பேச்சும் அத்தாய்மாரைப் பற்றியே இருந்தன.

2022-ஆம் ஆண்டில் கடன் கட்ட இயலாமல் இலங்கை நிலைகுலைந்தபோதும், இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் தலைமை தாங்கிய கடன் கொடுத்தோர் குழுவோடு உடன்பாடு முடிந்தது 2024-ஆம் ஆண்டு ஜூனில் பாரிஸ் நகரில். சீனத்தோடு அதே நாளில் பீக்கிங்கில். கடன்பட்டோன் வீட்டில் கடன்காரர் பஞ்சாயத்து வைப்பதில்லை. அதனை ஒரு குறையாகக் கூறவில்லை.

கொழும்பு மீண்டும் பொது இல்லம் ஆகுமோ என வினவின், ஆகும் என்றே யாம் கருதுகின்றோம். துறைமுகம் முன்னிருந்த இடத்திலேயே உள்ளது. நாடு இன்றும் சிறியதே. தில்லிக்கும் பீக்கிங்குக்கும் இடையே இன்று முன்னினும் மிகுதியாகப் பொது இடம் வேண்டியிருக்கின்றது. குறை ஒன்றே: வட்டுக்கோட்டையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கொழும்பு செல்லும் தமிழன் அந்நகரின் அவைகளில் தன் வழக்கைத் தன் மொழியில் கூறித் தீர்வு பெற்றுத் திரும்பினான் என்னும் செய்தியை உலகம் இன்னும் கேட்கவில்லை. 1987-ஆம் ஆண்டு அரசியற் சட்டத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி என எழுதப்பட்டது. அவ்வெழுத்து அலுவலக மேசைவரை வந்து சேர்தல் வேண்டும்.

அந்தப் பண்டாரநாயக்க மண்டப வளாகத்தில் இக்காலத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் பெரிய புத்தகக் கண்காட்சி நடைபெறுகின்றது. சிங்கள நூல்களே மிகுதி எனினும், தமிழ் நூற்கடைகளும் உண்டு. நம் உறுப்பினருள் வாணிகத்தின் பொருட்டுக் கொழும்பு செல்வோர் இருவர் இங்கு அமர்ந்துள்ளனர். அவர்கள் அடுத்த முறை செல்லுங்கால், யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் எழுதிய நூல்களில் பத்தேனும் வாங்கி வந்து சங்க நூல்நிலையத்திற்கு வழங்குவாராயின், அதற்கான பொருளைக் கல்வி நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பதனைச் செயலாளர் அவர்கள் உணவுக்குப்பின் அறிவிப்பார்கள்.